இலக்கணம் பெரிசா, விஷயம் பெரிசா?

இங்கிலீஷ் தெரிந்தும் வாய் திறக்கப் பயப்படுகிற வாலிபர்கள் தூத்துக்குடியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

காரணம் என்ன? ஒரே ஒரு ‘இஸ்’ விட்டுப் போனால் போதும். “தப்புத்தப்பா பேசுதான்” என்று கூட இருப்பவனே கேலி பண்ணுகிறான்!

இலக்கணம் பிசகினால் அது இங்கிலீஷே இல்லை என்பது வாத்தியார்கள் கட்சி. விஷயம் புரிந்தால் போதும் என்பது கடைத்தெருக் கட்சி. யார் சொல்வது சரி?

தீர்ப்பை நம்ம கடலிலேயே கேட்கலாம்.

வ.உ.சி. துறைமுகத்துக்கு வருகிற கப்பலில் கேப்டன் ஒரு தேசம், மாலுமி ஒரு தேசம். ஏறி வழிகாட்டும் பைலட் நம் தேசம். எல்லோருக்கும் பொது, இங்கிலீஷ்தான்.

இதற்கென்றே சர்வதேச கடல்சார் அமைப்பு 2001ல் ஒரு வாசகப் பட்டியலை ஏற்றுக்கொண்டது. 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் காவல் பார்க்கும் அதிகாரிகள் அதைப் படித்தே ஆக வேண்டும்.

அதில் ‘தி’, ‘இஸ்’, ‘ஆர்’ எல்லாம் பல இடங்களில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன! வாத்தியார் சிவப்பு மையால் சுழிக்கிற அதே தப்பு!

இன்னும் கேளுங்கள். ‘மே ஐ என்டர்?’ என்பது பள்ளிக்கூடத்தில் மரியாதை. கப்பல் ரேடியோவில் அது ஆகாது. ‘மே’ என்றால் அனுமதியா, ஒருவேளையா? குழம்பினால் கப்பல் மோதும். ‘டூ ஐ ஹாவ் பெர்மிஷன்?’ என்று நேராகக் கேட்க வேண்டும். 150 என்பதை ‘ஒன், ஃபைவ், ஜீரோ’ என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இலக்கணமே வேண்டாமா? அதுவும் தப்பு! அந்தப் பட்டியலும் ஒரு கட்டுப்பாடுதான். அங்கேயும் இஷ்டத்துக்குப் பேச முடியாது. சரக்கு ஒப்பந்தத்தில் ஒரு சொல் மாறினால் பணம் போகும். வேலை மனுவில் தப்பு இருந்தால் குப்பைக்கூடைதான். எழுத்துக்கு இலக்கணம் காவல். பேச்சுக்குத் தெளிவு காவல்.

தமிழில் நாம் ‘வந்திருக்கிறது’ என்று எழுதி, ‘வந்துருக்கு’ என்று பேசுகிறோம். யாரும் சிரிப்பதில்லை. மீன் ஏலத்தில் செந்தமிழ் பேசினால்தான் சிரிப்பார்கள்! அந்த ‘ஏலம்’ என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுப் போனது. 16ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ், இங்குள்ள ஜனங்களோடு பழகித் தமிழ் படித்தார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். நாக்குக்கும் பேனாவுக்கும் சண்டை வரவில்லையே!

வாத்தியார்களே, வாரத்தில் ஒரு பீரியடாவது நடுவில் திருத்தாமல் பிள்ளைகளைப் பேச விடுங்கள். திருத்தத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூ நடத்தும் முதலாளிகளே, திக்குகிற பையனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கேட்ட வேலை அவனுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

தம்பிகளே, தங்கைகளே! கப்பலுக்கே ‘இஸ்’ இல்லாமல் வழி கிடைக்கிறது. நீங்கள் ஏன் பயப்பட வேண்டும்? வாயைத் திறங்கள்!