கோடாங்கிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

மத நல்லிணக்கக் கூட்டம் என்றால் மேடையில் மூன்று பேர் இருப்பார்கள். காவி கட்டிய சாமியார், வெள்ளை அங்கி போட்ட பாதிரியார், தொப்பி வைத்த ஹஜ்ரத். மூவரும் நல்லதைத்தான் சொல்வார்கள். ஆனால் பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் பூசை வைக்கும் பூசாரியையோ, உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியையோ அந்த மேடையில் நான் பார்த்ததே இல்லை. சாமியார் பேசினால் இவர்களுக்கும் சேர்த்துப் பேசிவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை.

எங்கள் சீமையில் அடுத்தவர் சாமியோடு பழகத் தெரிந்தவர்கள் யார் என்று பாருங்கள். குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துவிட்ட அதே தாய்தான், பிள்ளை இரவில் வீறிட்டு அழுதால் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். தொழுகை முடித்து வருகிறவர் ஓதி ஊதுகிறார். மனநோய் கண்டவரை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகிறவர்களில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. 1693-இல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி காலத்தில் வெட்டுண்ட பாதிரியார் அருளானந்தருக்கு ஓரியூரில் இன்று முடியிறக்குகிறார்கள், கிடாயும் வெட்டுகிறார்கள். அதில் இந்துவும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு. திருப்புவனம் பக்கம் முதுவன்திடலில் மொகரத்துக்குப் பூக்குழி இறங்குகிறவர்கள் இந்துக்கள். அங்கே கும்பிடப்படுகிறவர் பாத்திமா நாச்சியார். இதையெல்லாம் யாரும் மேடை போட்டுக் கற்றுக்கொடுக்கவில்லை. வேற்று மதத்தாரோடு எப்படி இருப்பது என்று பேசக் கூடும்போது, இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறவர்களை வெளியே நிறுத்துவது என்ன நியாயம்?

வெளியே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2003-இல் பார்த்தோம். 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டம் ஏட்டோடு கிடந்தது. ஆகஸ்டு மாதம் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஜெயலலிதா அரசு உத்தரவிட்டது. பங்காளிகள் கூடிக் கிடா வெட்டிப் பொங்கல் வைத்துப் பந்தி போடுவது திடீரென்று வழக்குக்குரிய காரியமானது. அதற்கு முன் ஒரு பூசாரியைக் கூப்பிட்டு யாராவது கேட்டிருந்தால், அந்தப் பந்தியில்தான் பல வருஷத்துப் பகை தீர்கிறது என்று சொல்லியிருப்பார். எதிர்ப்பு கிளம்பி, 2004 பிப்ரவரியில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. பலியைக் கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உயிர்வதை என்று வருந்துகிறவரும் அரிவாள் பிடிக்கிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசட்டும் என்கிறேன்.

மேடையில் இப்படி இடம் கேட்டுப் பெறுவது உலகத்தில் வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. 1893-இல் சிகாகோவில் கூடிய சர்வமத சபையில் பெரிய மதங்களுக்குத்தான் இருக்கை. நூறு வருஷம் கழித்து, 1993-இல், அதே ஊரில் மீண்டும் கூடியபோது பேகன்கள் வந்து உட்கார்ந்தார்கள். கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை, மண்ணை, மரத்தை, தாய்த் தெய்வத்தை வணங்குகிறவர்கள். இவர்களோடு சேர்ந்திருக்க முடியாது என்று சிகாகோவின் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் விலகிப் போனார்கள். பேகன்கள் போகவில்லை. பிசாசைக் கும்பிடுகிறவர்கள் என்ற பழியை மற்ற மதத்தார் முகத்துக்கு நேரே மறுக்க அவர்களுக்கு அங்கேதான் வாய்த்தது. நம் சுடலையையும் முனியையும் பேய் என்று பேசுகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். பதில் சொல்லத்தான் நமக்கு இடமில்லை.

ஆனால் இடம் கிடைத்தால் கேள்வியும் கூடவே வரும். அந்த 1893 சிகாகோ சபைக்கு விவேகானந்தரைப் போகச்சொல்லி ஊக்கியவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் சுவாமி திரும்பியபோது பாம்பனில் எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே. அதே வருஷம் மே மாதம், பரளச்சிக்கு அடுத்திருக்கும் கமுதியில், மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் தடையை மீறி நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் அறங்காவலராக அவர்கள் மேல் வழக்குப் போட்டவரும் அதே சேதுபதிதான். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. கடல் கடந்து பேசிய சமரசம் கமுதிக் கோயில் வாசலைத் தாண்டவில்லை. நம் காட்டுக் கோயில்களும் இதில் சுத்தமில்லை. பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, சப்பரம் எந்தத் தெருவுக்குள் வராது என்பதற்குப் பூசாரியும் பதில் சொல்லியாக வேண்டும். அவரை மேடையேற்றச் சொல்வதில் எனக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது திருவிழாவில் தகராறு வந்தால்தான் தாலுகா ஆபீஸ் சமாதானக் கூட்டத்துக்குப் பூசாரிகளைக் கூப்பிடுகிறார்கள். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் நல்லிணக்கக் கூட்டம் நடத்துகிற பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த அழைப்பிதழில் ஒரு பூசாரியின் பெயரையும் போடுங்கள். பெண் சாமியாடி ஒருவரையும் கூப்பிடுங்கள். அறுப்பு முடிந்து, ஆட்கள் ஓய்ந்திருக்கிற மாதமாகப் பார்த்துத் தேதி வையுங்கள்.