ஓடாவியின் கணக்கு

தில்லி புசா ரோட்டை அடுத்த ஆராய்ச்சி வளாகத்தில் கடற்காற்று வீசுவதில்லை. ஆயினும், இந்நாட்டு மரங்களையும் மீன்களையும் கடல்படு பொருள்களையும் பற்றித் திரட்டப்பட்ட செய்திகளில் ஒரு நல்ல பகுதி அவ்வளாகத்தோடு தொடர்புடையது. அங்கே இன்று இயங்கும் தேசிய விஞ்ஞானத் தொடர்பு மற்றும் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடியான வெளியீட்டுப் பிரிவுதான் 'இந்தியாவின் செல்வம்' என்னும் பெருந்தொகுதியை உருவாக்கியது. 1948இல் தொடங்கிய அதன் மூலப்பொருள் வரிசை 1976இல் 11 தொகுதிகளாக நிறைவுற்றது. ஒரு மரத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு அத்தொகுதிகளைப் புரட்டுபவருக்கு, அம்மரம் எங்கே வளரும், எவ்வளவு கனக்கும், எத்தொழிலுக்கு ஆகும் என்பன கிடைக்கும். ஆனால் அம்மரத்தைக் கடலில் ஓடும் கலமாக மாற்றுகிறவரின் கணக்கு அவ்வளவு ஒழுங்காக எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

படகு கட்டும் தச்சருக்குத் தமிழில் ஓடாவி என்பது பழைய பெயர். அப்பெயர் இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய சந்தர்ப்பமும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. கடற்கரையில் இப்பொழுது வரிசையாக நிற்பவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள். இம்மாற்றத்தைக் கண்டு வருந்துவோர் பலர் உண்டு. மீனவர் மரக்கலத்தை விட்டதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. ஆகவே அதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. வருந்த வேண்டிய விஷயம் வேறு. மரக்கலத்தோடு சேர்ந்து, அது ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்ற காரணமும் மறைந்து வருகிறது.

கட்டுமரத்தையே எடுத்துக்கொள்ளலாம். நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்த எளிய மிதவை என்று அதனைக் கருதுவோர், அது ஓடும் கடலைப் பார்த்தவர்கள் அல்லர். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகக் குறைவு. திறந்த கரையில் அலை வந்து மோதுகிறது. ஓர் அலை தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தை அடைந்ததும் உடைந்துவிடும். ஒன்றரை மீட்டர் உயர அலை சுமார் இரண்டு மீட்டர் ஆழத்தில் உடையும். கரையிலிருந்து புறப்படும் கலம் இந்த உடையும் வரிசைகளைக் கடந்தே ஆக வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. குடைவான படகு மிதப்பதற்குக் காரணம் அதனுள் அடைபட்ட காற்று. ஓர் அலை உள்ளே விழுந்தால் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது, மிதப்பாற்றல் போய்விடுகிறது. கட்டுமரத்தின் மிதப்பாற்றல் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. மலைவேம்பு, பீலிவாகை போன்ற மரங்களின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பாதிக்கும் குறைவு. அலை மேலே விழுந்தால் மரங்களின் இடைவெளி வழியே நீர் வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்கவும் வழியில்லை. கவிழ்ந்தால் புரட்டி ஏறிக்கொள்ளலாம்.

இதற்கு ஈடாக அது ஒரு விலையும் கொடுக்கிறது. மரம் நீரை உறிஞ்சும். நாள் ஆக ஆகக் கனக்கும். ஆகவேதான் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவது வழக்கமாயிற்று. அவிழ்க்கத்தக்க கட்டு என்பது ஆணி அடிக்கத் தெரியாதவர் கண்ட உபாயம் அன்று. உலர்த்த வேண்டிய தேவையால் வந்த அமைப்பு. ஆணியோ போல்ட்டோ இருந்தால் அவிழ்ப்பது கடினம். உப்புநீரில் அது துருப்பிடிக்கும். அலையின் மோதலில் மரத்தைப் பிளக்கும். கயிறு நெகிழ்ந்து கொடுக்கும். நடுமரம் சற்றே தாழ்ந்தும் பக்க மரங்கள் உயர்ந்தும் அமைவதால், குறுக்குவெட்டில் கலம் ஒரு சிறு குழிவைப் பெறுகிறது. அணியம் மேல்நோக்கி வளைக்கப்படுகிறது. பாய் விரித்துச் செல்லும்போது பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீரில் ஒரு பலகை இறக்கப்படுகிறது. நாகப்பட்டினப் பக்கத்தில் கோலா மீன் பிடிக்க ஆழ்கடல் சென்ற கோலாமரம் ஏழு மரங்கள் கொண்டது. கரையோரத்துக் கட்டுமரம் அதனினும் சிறியது. இவையெல்லாம் ஒரே பெயரில் வழங்கிய வெவ்வேறு கலங்கள். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு 'காட்டமரான்' என்ற பெயர் வழங்குகிறது. அவற்றுக்கும் இதற்கும் உறவு மிகக் குறைவு. பெயர் மட்டும் கப்பலேறிப் போயிற்று.

கோடியக்கரையைத் தாண்டிப் பாக் நீரிணைக்குள் நுழைந்தால் கடல் மாறுகிறது. ஆழம் குறைவு, அலை அடங்கியது, காற்று மட்டும் பலமானது. அங்கே கட்டுமரத்துக்கு வேலை குறைவு. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கரைகளில் வத்தை என்னும் பாய்ப்படகு வளர்ந்தது. அதன் குறுக்கே ஒரு நீண்ட பலகை கிடக்கும். காற்று அடிக்கும் பக்கமாக அதனை நீட்டி, அதன் முனையில் ஆட்கள் போய் அமர்ந்து, படகு சாயாமல் நிறுத்துவர். நெம்புகோல் தத்துவத்தை இதைவிடத் துணிவாகப் பயன்படுத்திய கலத்தைக் காண்பது அரிது.

வத்தை கட்டும் முறை இன்னும் கவனிக்கத்தக்கது. இந்துமாக்கடல் கரைகளின் பழைய படகுகள் பலவற்றில் பலகைகளை முதலில் இணைத்து உடலை உருவாக்கி, வங்குகளைப் பிறகு உள்ளே பொருத்துவர். வத்தையில் ஏராவின் மேல் வங்குகள் முதலில் நிறுத்தப்படுகின்றன. பலகை பிறகு போர்த்தப்படுகிறது. அப்படியானால் ஒவ்வொரு வங்கின் வளைவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஓடாவி ஒரு பலகையில் கோடுகளை வரைந்து, நடு வங்கின் வடிவத்திலிருந்து அணியம், அமரம் ஆகிய இரு புறமும் குறுகிச் செல்லும் வங்குகளின் வடிவத்தை அக்கோடுகளைக் கொண்டே பெறுகிறார். காகிதம் இல்லை, ஆனால் வடிவ கணிதம் இருக்கிறது. ஷான் மக்ரெயில் முதலான பிரிட்டிஷ் தொல்கல ஆராய்ச்சியாளர்கள் 1990களில் இம்முறையைக் குறித்துக்கொண்டு, ஐரோப்பியக் கப்பல் தச்சரின் பழைய முறைகளோடு ஒப்பிட்டு எழுதினர். இது வெளியிலிருந்து வந்ததா, இங்கேயே தோன்றியதா என்ற விவாதம் சுவையானதே. அதைவிட முக்கியமானது, அப்பலகையில் கோடு போடும் விதியை முழுமையாகத் தமிழில் எழுதி வைப்பது.

தையல் படகைப் பற்றியும் ஒரு சொல். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்து, உள்ளே வங்கு இல்லாமல் அவை கட்டப்பட்டன. மணலில் மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும் தன்மைக்காகவே அவ்வாறு செய்தனர். 1980களில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கடல்வகை ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டபொழுது, பலகை ஓரங்களைத் தைத்துப் பிசின் கொண்டு ஒட்டும் புதிய மேனாட்டு முறை கையாளப்பட்டது. தையல் ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்பியதாகக் கொள்ளலாம்.

எழுத்தில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியன்று. தமிழில் 'கப்பல் சாத்திரம்' என்னும் பழைய ஏடு உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அதனை அச்சிட்டது. மரம், அளவு, நல்ல நாள் ஆகியவற்றை அது கூறுகிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றி அதன் தலைமையும் ஏற்ற ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி வங்காள ஆசியக் கழகத்தின் வாயிலாக விரிவான நூல் வெளியிட்டார். கோலாமரத்தையும் பாக் நீரிணையின் சாய்வுப் பலகையையும் பற்றி இன்று கூறக்கூடியவற்றில் பெரும்பகுதி அவர் கண்ணால் கண்டு எழுதியதே. ஆனால் ஹார்னெலின் கேள்வி, இப்படகுகள் எந்த இன மக்களிடமிருந்து வந்தன என்பது. அவர் கேளாத கேள்வி ஒன்றுண்டு: குறிப்பிட்ட ஒரு வங்கை ஓடாவி ஏன் அவ்வளவு வளைத்தார், அதைவிடச் சற்றுக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இக்கேள்வி கேட்கப்படாததன் பலன் பிற்காலத் திட்டங்களில் தெரிந்தது. 1952இல் கையெழுத்தான இந்திய–நார்வே ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் தொழிலை இயந்திரமயமாக்கும் பணி தொடங்கியது. உள்ளூர் வள்ளங்களில் இயந்திரம் பொருத்திப் பார்த்துவிட்டுப் பிறகு புதிய வகைப் படகுகளுக்கே மாற வேண்டியதாயிற்று. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய உணவு விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், அலையை ஊடுருவிக் கரையேறும் படகுகளைப் பல வடிவங்களில் சோதித்தது. திறமை மிக்க பொறியாளர்கள் உழைத்தனர். ஆயினும் கட்டுமரத்தின் விலைக்கும் எளிமைக்கும் ஈடான ஒன்றைக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதையே அச்சோதனைகள் முதலில் காட்டின. கட்டுமரம் தீர்த்துவைத்த பிரச்னைகளின் முழுப் பட்டியல் கையிலிருந்தால், அவற்றுள் சிலவற்றைக் கடலில் இறங்கியபின் கண்டுபிடிக்க நேர்ந்திராது.

இடையில் மரம் கிடைப்பது அரிதாயிற்று. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி இட்ட ஆணையும் காடுகளுக்கு நன்மையே செய்தன. கடற்கரையில் அவற்றின் விளைவு மரவிலையில் தெரிந்தது. கண்ணாடி இழைப் படகு நீரை உறிஞ்சுவதில்லை. மரம் துளைக்கும் கடற்புழு அதனைத் தீண்டுவதில்லை. வெளிப்பொருத்தி இயந்திரத்தோடு வேகமாகச் செல்லும். ஆள் நனையாமல் அமரலாம். அக்காலத்தில் புதிதாக வந்த மோட்டார் காரின் பெயரையே சூட்டி, மீனவர் அதனை 'மாருதி' என்று அழைத்தனர். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் உதவியாக வந்த படகுகளில் இவையே மிகுதி. கட்டுமரத்தின் காலம் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. புதிய படகுக்கும் குறைகள் உண்டு: எரிபொருள் செலவு ஓயாதது, பழுதானபின் அதனை மக்கச் செய்யவும் முடியாது, எரிப்பதும் தீங்கு. கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், இரசாயனம் ஊட்டிப் பாதுகாத்த ரப்பர் மரத்தால் தோணி செய்து காட்டியிருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்து பால் வற்றிய மரத்தால் படகு கட்ட இயலுமானால், மரக்கலத்தின் அத்தியாயம் முற்றிலும் மூடப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

எவரும் கட்டப் போகாத படகின் கணக்கு எதற்கு என்று கேட்கப்படலாம். கேள்வி நேர்மையானது. விடை அண்மையில்தான் கிடைத்தது. அஜந்தா ஓவியம் ஒன்றில் காணும் கி.பி. 5ஆம் நூற்றாண்டுக் கப்பலை ஒத்த தையல் கப்பல் ஒன்றைக் கட்ட 2023இல் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. கேரளத் தச்சர்கள் அதனைத் தைத்தனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அதன் மாதிரி சோதிக்கப்பட்டது. 2025 மே மாதம் கார்வாரில் 'கௌண்டின்யா' என்ற பெயருடன் அது கடற்படையில் சேர்ந்தது. அதற்கு வரைபடம் இல்லை. சுவரில் எஞ்சிய ஓவியத்திலிருந்து உடலின் வடிவையும் பாயின் அளவையும் ஊகித்தே ஒவ்வொன்றையும் செய்ய வேண்டியிருந்தது. பதினைந்து நூற்றாண்டுக்கு முன் எழுதாமல் விட்டதை மன்னிக்கலாம். அன்று அளவுநாடாவும் ஒளிப்படமும் கணிப்பொறியும் இல்லை. இன்று உள்ள வத்தைக்கும் வள்ளத்துக்கும் அதே நிலை ஏற்பட விடுவதற்கு அத்தகைய சமாதானம் கிடையாது. கண்ணாடி இழைப் படகை மேம்படுத்த விரும்புவோருக்கும் இக்கணக்கு உதவும். அலையின் தன்மை மாறிவிடவில்லை.

மாதிரி முன்னமே இருக்கிறது. மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட உரிமத்தை விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து, 1997இல் அதனை ரத்து செய்வித்தது. அதன் பின் 2001இல் மரபறிவு மின்னணு நூலகம் தொடங்கப்பட்டு, சித்தம், ஆயுர்வேதம், யூனானி நூல்களிலிருந்த மருந்து முறைகள் பல மொழிகளில் ஒழுங்குபடுத்தப்பட்டன. அங்கே வேலைக்கு ஆதாரமாக ஏடுகள் இருந்தன. ஓடாவியின் அறிவுக்கு ஏடு அவர் கை. ஆகவே இதற்கு வேறு முறை வேண்டும். முப்பரிமாண அளவீடு ஒரு நாளில் படகின் மேற்புறத்தை அப்படியே பதித்துவிடும். அது எளிய பாகம். அதோடு நின்றுவிடும் அபாயமும் உண்டு. எந்தக் கிளையை ஏன் ஒதுக்கினார், கலப்பற்றுக்கு முன் பலகையை எத்தனை நாள் உலர விட்டார், பழைய படகில் எந்த இடம் முதலில் கெட்டது என்பவை கட்டும்போது உடனிருந்து கேட்டால்தான் கிடைக்கும். அதற்கு ஒரு படகு முழுமையாகக் கட்டப்பட வேண்டும். ஓடாவிக்கு உரிய கூலி கொடுத்து, அணியம், அமரம், வங்கு என்று அவர் வழங்கும் சொற்களிலேயே குறிப்பெடுக்க வேண்டும். பிறகு அப்படகு மீனவர் கையில் கடலுக்குப் போய், அவர்கள் சொல்லும் குறைகளும் குறிக்கப்பட வேண்டும். வெளியாகும் ஏட்டில் ஓடாவியின் பெயர், அவர் விரும்பினால், ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும். மருந்து நூல்களை எழுதியவர்களுக்கு மறுக்கப்படாத மரியாதை இவருக்கு மட்டும் மறுக்கப்படலாகாது.

செலவு பெரிதன்று. ஒரு சிறு ஆராய்ச்சிக் கப்பலின் ஒரு மாத எண்ணெய்க்கு ஆகும் தொகையில் இப்படகுகள் சில கட்டி முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். காலம்தான் குறைவு. வேலையை அதிராம்பட்டினப் பக்கத்தில் தொடங்குவது பொருத்தம். அங்கே 1990களில் எடுக்கப்பட்ட குறிப்புகள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பலகையில் கோடு போடத் தெரிந்த முதியவர் எவரெவர் இன்னும் உளர் என்பதை ஒரு பருவத்துக்குள் விசாரித்துவிடலாம். வடகிழக்குப் பருவக்காற்று அடித்து ஓய்ந்து, படகுகள் பழுது பார்க்கக் கரையேற்றப்படும் மாதங்கள் அதற்கு ஏற்றவை.