பழைய கேமராவைக் காயலான் கடைக்குப் போடாதீங்க

டவுன்ல கடைக்காரங்க புது ஐபி கேமராவுக்கு மாறினதும் பழைய கேமராவும் டிவிஆர் பெட்டியும் காயலான் கடைக்குப் போகுது. அங்கே சில பேர் வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறாங்க. அந்தப் புகை விஷம்.

அதை எங்களை மாதிரி விவசாயிகளுக்குக் குடுக்கலாமே! பெரும்பாலும் 12 வோல்ட் போதும்; இருட்டிலும் கறுப்பு வெள்ளையில் தெரியும். முகம் துல்லியமா விழாதுதான். ஆனா சினைமாடு கன்னு போடுதான்னு ராத்திரி வீட்டிலிருந்தே பார்க்க அது தாராளம். மோட்டார் ரூம்ல கேபிள் திருடுறவனுக்கும் ஒரு பயம் இருக்கும்.

குடுக்குறவங்க ஹார்டு டிஸ்க்கை அழிச்சிட்டு, புது பாஸ்வேர்டு போட்டுச் சொல்லிக் குடுங்க. அது தெரியாத டிவிஆர் வெறும் டப்பா. வாங்குறவங்க நெட்ல இணைக்காம டிவியில மட்டும் பாருங்க. முக்கியமா, கேமரா நம்ம கட்டுத்தறியைப் பார்க்கட்டும். அடுத்த வீட்டு வாசலை இல்ல.