மரம் நடக் காசு வேண்டாம், தண்ணீர் ஊற்றக் காசு தாங்க



கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுத் திட்ட விரும்புகிறவர்கள் திட்டுங்கள், பாதியில் வேண்டாம்.

முந்தநாள் மஃரிபுக்குப் பிறகு நம்மட பகுதிச் சங்கத்திலிருந்து கோல் வந்தது. "டீச்சர், மரம் நடுறதுக்குத் திரும்பவும் ஒரு சின்ன மானியம் வந்திருக்கு. மூணு இலட்சம். விண்ணப்பம் இங்கிலீஷ்ல வேணுமாம். போன தடவை நீங்கதானே எழுதித் தந்தீங்க, அதையே திகதிய மாத்தித் தந்தாப் போதும்."

முடியாது என்று சொன்னேன். நேற்றுக் காலை வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. ஊருக்கு வருகிற நல்ல காரியத்தைச் சிலர் தடுக்கிறார்களாம். பெயர் சொல்லவில்லை. ஆனால் "படிச்ச பொம்புளைகள்" என்று சொன்னதில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆகவே ஏன் மறுத்தேன் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

போன தடவை அந்த விண்ணப்பத்தை எழுதியது நான்தான். 120 மரக்கன்றுகள், நகரப் பகுதியில் நிழல், பாடசாலை மாணவர் பங்களிப்பு என்றெல்லாம் அழகாக எழுதினேன். மூன்று இலட்சம் கிடைத்தது. அது எங்கே போனது என்று என்னிடம் கணக்கு இருக்கிறது, ஏனென்றால் முடிவறிக்கையையும் என்னைத்தான் எழுத வைத்தார்கள். கன்றுக்கு 36,000. டீசேர்ட் அறுபதுக்கு 72,000. பகல் சாப்பாடு 60,000. மேடை, கூடாரம், பெனர், ஒலிபெருக்கி 45,000. போக்குவரத்து, படப்பிடிப்பு, அறிக்கை அச்சிட்டது 47,000. பசளை 20,000. சுற்றிக் கட்டிய வலை 20,000.

கூட்டிப் பாருங்கள், சரியாக மூன்று இலட்சம் வரும். யாரும் ஒரு ரூபா எடுக்கவில்லை, அல்லாஹ் சாட்சி. நான் களவைப் பற்றி எழுதவில்லை. களவென்றால் பிடித்திருக்கலாம். எல்லாக் காசும் நேர்மையாகச் செலவழிந்தது, ஆனால் தண்ணீருக்கென்று ஒரு வரி அதில் இல்லை. அந்த வரியை எழுதாமல் விட்டவள் நான்.

நட்ட நாள் ஜூன் 5. உலகச் சுற்றாடல் தினம். அதிதிகள் வர வசதியான நாள், படம் போட வசதியான நாள். ஆனால் நம்மட கரையில் ஜூன் மாதம் என்றால் என்ன? கச்சான் காற்று. மேற்கிலிருந்து சுட்டுக்கொண்டு வருகிற காற்று. துணி காயப்போட்டால் அரை மணித்தியாலத்தில் விறைத்துவிடும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்த வயற்காரரிடமும் கேளுங்கள், மழை எப்போது என்று. ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை, அவ்வளவுதான் நமக்கு. கொழும்பில் ஜூன் மாதம் மழை பெய்கிறது, அங்கே நட்டால் கன்று தழைக்கும். நாம் அந்த நாட்காட்டியைப் பார்த்து மணலில் நடுகிறோம். மாரிக்கு விதைக்கிற ஊரில் பிறந்துவிட்டு இதைக்கூட யோசிக்காமல் விண்ணப்பத்தில் "ஜூன்" என்று எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட் மாதம் பாடசாலை விடுமுறை. நம்மட சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள்தான் தண்ணீர் ஊற்றுவதாகத் திட்டம். விடுமுறையில் யார் ஊற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வலையைக் கட்டாக்காலி மாடுகள் இரண்டு வாரத்தில் இழுத்துவிட்டன. மின்கம்பிக்கு நேர் கீழே நட்ட பதினாலு கன்றில் தப்பியது நான்கு, அதையும் வளர்ந்த பிறகு வெட்டத்தான் வேண்டும். இன்றைக்கு 120இல் உயிரோடு இருப்பது ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு, வீட்டு வாசலில் நட்டவை. அந்த வீட்டுப் பெண்கள் சட்டி கழுவின தண்ணீரை ஊற்றியதால் பிழைத்தவை. மானியத்துக்கும் அந்த ஏழுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒவ்வொரு கன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதித் தொங்கவிட்டோம். அது என்னுடைய யோசனை, படத்தில் நன்றாக இருக்கும் என்று. பாடசாலை திறந்ததும் நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வந்து, "டீச்சர், என்ட பேர் மட்டும் நிக்கிது, மரத்தக் காணல்ல" என்றது. அதற்கு என்ன பதில் சொல்ல? இன்னொன்று வரும் என்றேன். அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் ஆண்டு.

அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? "120 மரக்கன்றுகள் வெற்றிகரமாக நடப்பட்டன." பொய் இல்லை. நடப்பட்டன. கேட்ட கேள்வி அதுதான், எத்தனை நட்டீர்கள் என்று. எத்தனை இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. திட்டக் காலம் ஆறு மாதம், ஆறாம் மாதம் கோப்பு மூடப்பட்டது.

சிறு மானியம் என்ற யோசனையே பிழை என்று நான் சொல்லவில்லை. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இல் தொடங்கியபோது அதன் நோக்கம் நல்லதாகத்தான் இருந்தது: பெரிய அமைச்சுகளுக்குக் கொடுக்காமல், ஊரில் இருக்கிற சின்னச் சங்கங்களின் கையில் நேராகக் கொடுப்பது. எந்த ஒழுங்கையில் எந்த மரம் நிற்கும் என்று ஒழுங்கையில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும் என்பதே அதன் நியாயம். அதைப் பார்த்துப் பிறகு எத்தனையோ சின்ன மானியங்கள் வந்துவிட்டன. ஆனால் நம்மட ஊருக்கு வந்து சேரும்போது அந்த நியாயம் தொலைந்துபோகிறது. ஒழுங்கையில் இருக்கிறவளை யாரும் கேட்பதில்லை. குழுவில் பதினொரு பேர், பதினொருவரும் ஆண்கள். எனக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும், நல்ல மனிதர்கள். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டு வாசலில் வாளியோடு நிற்கப்போவது அவர்கள் இல்லை.

கென்யாவில் வங்காரி மாத்தாய் என்றொரு பெண் 1977இல் பச்சை வளைய இயக்கம் தொடங்கினார். 2004இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். அவர் கிராமத்துப் பெண்களுக்கு மிகச் சிறிய தொகைதான் கொடுத்தார், ஆனால் நட்ட கன்றுக்குக் கொடுக்கவில்லை, பிழைத்த கன்றுக்குக் கொடுத்தார். முழு வித்தியாசமும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நாம் இன்னமும் நட்டதற்குக் காசு வாங்குகிறோம்.

இனி மார்க்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் குரல் பதிவில் அதையும் இழுத்திருக்கிறார்கள்.

ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அதிலிருந்து பறவையோ மனிதனோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற கருத்தில் வரும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. போன தடவை பெனரில் அதைத்தான் போட்டோம், பச்சை எழுத்தில். நானும் எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் பறவை சாப்பிடுகிறது என்பதைக் கவனித்தோமா? பறவை சாப்பிட வேண்டுமென்றால் மரம் காய்க்க வேண்டும். காய்க்க வேண்டுமென்றால் நான்கு ஐந்து கச்சானைத் தாண்ட வேண்டும். ஓகஸ்ட்டில் காய்ந்த குச்சியில் எந்தப் பறவை வந்து உட்காரும்? மௌலவிமார் யாராவது இதை வாசித்தால், நான் பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். சரியாக இருந்தால் அடுத்த ஜும்ஆவில் சொல்லுங்கள்.

அதோடு இன்னொன்று. ஐந்து நேரமும் பள்ளியில் வுழூ செய்கிற தண்ணீர் எங்கே போகிறது? வடிகானுக்கு. சவர்க்காரம் இல்லாத, எண்ணெய் இல்லாத தண்ணீர். நம்மட பள்ளியின் பின்மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மையவாடி, அங்கே ஜனாஸாவுக்கு நிற்கிறவர்களுக்கு ஒதுங்க ஒரு நிழல் இல்லை. ஒரு குழாய், ஒரு சின்னத் தொட்டி, ஒரு வளைவு, அவ்வளவுதான் வேலை. மேசன் வேலை செய்கிற என் சாச்சா பார்த்துவிட்டு ஒன்றரை நாள் வேலை என்றார். இதற்கு எந்த மானியமும் தேவையில்லை. நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, நான் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

"டீச்சர், ஊர்ல இடம் எங்க இருக்கு? பேர்ச் கணக்கில காணி விலை பேசுற ஊர்ல மரம் நடுறதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள், பத்தடி ஒழுங்கை. அதனால்தான் 120 என்ற எண்ணிக்கையே பைத்தியக்காரத்தனம். இடம் இருபது மரத்துக்கு இருக்கிறது. பாடசாலையின் மேற்கு மதில், மையவாடி, தோணாக் கரை, ஒழுங்கை முகப்பு நாலைந்து. கடலுக்குக் கிட்டப் பூவரசு நிற்கும், உப்புக் காற்றுக்குப் பயப்படாது. உள்ளே வேம்பு. மூத்தம்மாமார் வைத்த மரங்களும் இவைதான்.

காத்தான்குடி பிரதான வீதியின் நடுவில் நிற்கிற மாதிரி நமக்கும் பேரீத்த மரம் வேண்டும் என்று போன தடவை குழுவில் இருவர் ஒற்றைக்காலில் நின்றார்கள். அந்த மரங்களை வைத்து 2019க்குப் பிறகு வெளியாட்கள் பேசிய அரசியல் எனக்கு வேண்டாம், நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. என் கேள்வி ஒன்றுதான்: பேரீத்த மரத்துக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் வெயிலுக்கு ஒதுங்கலாம்? வீதிக்கு அழகு, ஒழுங்கைக்கு உதவாது. 2024 பெப்ரவரியில் வெயில் அதிகம், பிள்ளைகளை வெளியில் விளையாட விடாதீர்கள் என்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் தகரக் கூரைக்குக் கீழே இருந்தார்கள். வெளியிலும் வெயில், உள்ளேயும் அவியல். ஒரு பழைய வேம்பு நின்றிருந்தால் முழு வகுப்பையும் அதற்குக் கீழே கொண்டுபோயிருப்பேன். அது கட்டடத்துக்காக வெட்டப்பட்டது, அந்த விழாவுக்கும் நாம் கைதட்டினோம்.

ஆகவே விண்ணப்பம் எழுத மாட்டேன் என்று நான் சொன்னது முழு உண்மை இல்லை. இப்படி என்றால் எழுதுவேன்:

அதே மூன்று இலட்சம். மரம் இருபது. மரத்துக்கு 15,000. அதில் 6,000க்கு ஓரளவு வளர்ந்த கன்று, குழிக்கு நல்ல மண், மாடு இழுக்க முடியாத இரும்புக் கூடு. மீதி 9,000 அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற வீட்டுக்கு. நடுவது நவம்பரில், முதல் மழை மண்ணில் இறங்கிய பிறகு. ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும், கச்சான் முடிந்ததும், போய்ப் பார்ப்போம். மரம் உயிரோடு இருந்தால் 3,000. மூன்று வருடம், மூன்று தடவை. செத்திருந்தால் அந்தக் காசில் அடுத்த மாரிக்குப் புதுக்கன்று. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களில் இரண்டு பேர் அந்த ஒழுங்கைப் பெண்களாக இருக்க வேண்டும். டீசேர்ட் இல்லை. மேடை இல்லை. வருகிற அதிதிக்குத் தேத்தண்ணி என் வீட்டில்.

"மரத்துக்குத் தண்ணி ஊத்தக் காசா? நன்மைக்குச் செய்யிறதில்லையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். டீசேர்ட் அடித்தவர் நன்மைக்கு அடித்தாரா? கூடாரக்காரர்? ஒலிபெருக்கிக்காரர்? அவர்களுக்கெல்லாம் பில் போட்டுக் கொடுத்தோம், அது அவர்களுடைய உழைப்பு, கொடுக்கத்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் பில் இப்போது எவ்வளவு வருகிறது என்று வீட்டில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். பெண் செய்தால் மட்டும் உழைப்பு ஏன் ஸதகா ஆகிவிடுகிறது?

கொடுக்கிறவர்கள் மூன்று வருடத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆறு மாதம்தான் அவர்களுடைய விதி என்று சங்கத்தில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லையே. காசு கூடக் கேட்கவில்லை, அவகாசம்தான் கேட்கிறோம். ஒன்பது மரம் மிஞ்சிய கதையையும் அந்த ஏழு வீட்டுக் கதையையும் மறைக்காமல் எழுதுவேன். மறுத்தால் மறுக்கட்டும். இன்னொரு 120 பெயர் அட்டை எழுத என்னால் முடியாது.

விண்ணப்ப முடிவுத் திகதி இந்த மாதம் 28. ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு தோணாக் கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் வருவேன், அளவு நாடாவோடு. வீட்டு வாசலில் ஒரு மரத்துக்கு மூன்று வருடம் பொறுப்பெடுக்கக்கூடிய இருபது வீடு வேண்டும். உட்பெட்டியிலும் சொல்லலாம். இப்போதைக்கு ஆறு வீடு சேர்ந்திருக்கிறது. அதில் நான்கு, போன தடவை சட்டி கழுவின தண்ணீர் ஊற்றிய வீடுகள்.