விலையில்லாத நேரம்

"சட்டங்கள் கூடிவிட்டன, இனி இங்கு ரெஸ்ரோரண்ட் நடத்தேலாது" என்பது சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எமது முதலாளிமார் ஓயாது பாடும் பல்லவி. இதற்குத் தலையாட்டும் படித்த கனவான்களும் எம்மிடையே உளர். பல வருடங்களாகக் கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து வருபவன் என்ற வகையில் நான் இதனை மறுக்கிறேன்.

1907இல் ஹார்வெஸ்டர் தீர்ப்பில் நீதிபதி ஹிகின்ஸ் நாட்கூலியை 7 ஷில்லிங் என நிர்ணயித்தார். முதலாளிக்குக் கட்டுபடியாகுமா என்பதல்ல, தொழிலாளியின் குடும்பம் மரியாதையாக வாழுமா என்பதே அவரது அளவுகோல். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை ஆண்ட காலத்துத் தீர்ப்புத்தான். ஆயினும் மனித நேரத்துக்கு ஒரு விலை வைத்தது. இன்று 'அவார்ட்' எனப்படும் துறைவாரிச் சம்பள விதிகள் மேலதிக நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கூடிய விலை வைக்கின்றன. விலை இருந்தால் முதலாளி யோசிப்பார்: எத்தனை பேர் தேவை, யார் எப்போது வருவது, எந்த வேலையை இயந்திரத்திடம் விடுவது?

நேரம் இலவசமென்றால் யோசனை எதற்கு? நான் வேலை செய்த ஒரு கடையில் பத்து மணிக்குக் கதவைப் பூட்டியபின் நள்ளிரவுவரை சட்டி உரஞ்சினோம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குச் சம்பளமில்லை. ஆகவே பழுதடைந்த டிஷ்வோஷர் நான் இருந்த காலம் முழுவதும் திருத்தப்படவில்லை. எங்கள் கைகள் அதைவிட மலிவு.

இது எம்மவரின் நோய் மட்டுமல்ல. தொலைக்காட்சிப் புகழ் ஜோர்ஜ் கலம்பாரிஸின் மெல்பேர்ண் நிறுவனம் 500க்கு மேற்பட்ட ஊழியருக்கு ஏறத்தாழ 78 இலட்சம் டொலர் குறைத்துக் கொடுத்திருந்தது 2019இல் அம்பலமாயிற்று.

சட்டமும் புனிதமானதல்ல. 2012 ஆகஸ்ட் 13க்குப் பின் படகில் வந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர்களுக்கு முதலில் வேலை செய்யும் உரிமை மறுக்கப்பட்டது. சட்டம் வேலையைத் தடுத்தது, பசியைத் தடுக்கவில்லை. அகதியைப் பின்கதவால் சமையலறைக்குள் தள்ளி, கையில் கொடுத்ததை வாங்கச் செய்ததும் ஒரு சட்டந்தான்.

2023இல் திருத்தம் வந்தது: விசா எதுவாயினும் வேலைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. 2025 ஜனவரி முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது நாடு முழுவதும் குற்றம். ஆனால் கடதாசி தானாக நடந்து சமையலறைக்குள் வராது. தோழர்களே, வேலைக்கு வந்த நேரத்தையும் போன நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். தொழிற்சங்கத்தில் சேருங்கள். "நாங்கள் ஒரு குடும்பம்" என்று முதலாளி சொன்னால், அந்தக் குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.