சட்டையில் விளம்பரம், வீரருக்குத் தண்டனை

எட்டு மாதத் தடை முடிந்து, 2024 ஜனவரி 20 அன்று இவான் டோனி மீண்டும் களமிறங்கினார். லண்டன் பிரென்ட்ஃபோர்டு கிளப்பின் முன்கள வீரரான அவர், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஃப்ரீ கிக் மூலம் கோல் அடித்தார். கால்பந்து ஆட்டங்களின்மீது பணம் கட்டிப் பந்தயம் ஆடினார் என்பதே அவர்மீதான தடைக்குக் காரணம். கோல் அடித்த வேளையில் அவருடைய மார்பில் பெரிய எழுத்தில் இருந்தது ஹாலிவுட்பெட்ஸ் என்னும் பந்தய நிறுவனத்தின் பெயர்.

விதிமீறல் நடந்தது உண்மை. 232 குற்றச்சாட்டுகளை டோனியே ஒப்புக்கொண்டார். ஆடுகிறவரே ஆட்டத்தின்மீது பணம் கட்டினால் விளையாட்டின் நம்பகத்தன்மை குலையும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. விசாரணைக் குழு, அவர் சூதாட்ட அடிமைத்தனத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற மருத்துவ நிபுணரின் கருத்தை ஏற்று, 11 மாதத் தடையை 8 மாதமாகக் குறைத்தது; 50,000 பவுண்டு அபராதமும் விதித்தது. அதே 2023-இல் நியூகாசில் வீரர் சாண்ட்ரோ டோனாலிக்கு 10 மாதத் தடை. நோயாளிக்குத் தண்டனை உண்டு. நோயைப் பரப்பும் வணிகத்துக்கோ சட்டையின் நடுவே இடம் உண்டு. பிரென்ட்ஃபோர்டின் உரிமையாளர் மேத்யூ பென்ஹாம் பெரும் பொருள் ஈட்டியதும் பந்தயத் தொழிலில்தான். இவற்றில் எதுவும் சட்டவிரோதம் அன்று. வாதமே அந்தச் சட்டபூர்வத்தைப் பற்றியதுதான்.

இந்த வணிகம் இயங்கும் முறை எளிது. எடுத்துக்காட்டாக, ஓர் ஆட்டத்தில் உள்ளூர் அணி வென்றால் கட்டிய 1 பவுண்டுக்கு 2 பவுண்டு, சமநிலையில் முடிந்தால் 3.40, வெளியூர் அணி வென்றால் 3.60 தருவதாக நிறுவனம் அறிவிக்கிறது என்று கொள்வோம். இவற்றைச் சதவீத வாய்ப்பாக மாற்றினால் முறையே 50, 29.4, 27.8. கூட்டினால் 100 வரவேண்டும், 107.2 வருகிறது. அந்த 7.2 தான் நிறுவனத்தின் பங்கு. பணம் மூன்று பக்கமும் அதற்கேற்பப் பரவிவிட்டால், எந்த அணி வென்றாலும் 100 பவுண்டில் ஏறத்தாழ 7 பவுண்டு அதன் பெட்டிக்குள் தங்கிவிடும். முன்பு ஆட்டத்துக்கு ஒருமுறை நடந்த இந்தக் கழிவு, கைபேசி வந்தபின் நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அடுத்த கார்னர் யாருக்கு, அடுத்த மஞ்சள் அட்டை யாருக்கு என்று ஆட்டம் ஓடும்போதே பணம் கட்டலாம். தொடர்ந்து வெல்பவர் கட்டும் தொகைக்கு நிறுவனங்கள் வரம்பு விதிப்பதும், பெருந்தொகை இழப்பவருக்கு இலவசப் பந்தயமும் பரிசும் தந்து தக்கவைப்பதும் பிரிட்டனில் பலமுறை அம்பலமானவை. திறமைக்கான போட்டியாம் இது!

பிரிட்டிஷ் தொழிலாளர்களுக்குக் கால்பந்துப் பந்தயம் புதியதன்று. 1923-இல் தொடங்கிய லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தின் பூல்ஸ் சீட்டை வாரந்தோறும் சில்லறைக் காசுக்கு நிரப்பி அனுப்பிய தலைமுறைகள் உண்டு. அப்போதும் நிறுவனமே கொழுத்தது; ஆனால் இழப்புக்கு ஓர் அளவு இருந்தது. ஏற்கெனவே உள்ள ஆசைக்கு இடம் தரலாம், புதிதாக ஆசையைத் தூண்டக்கூடாது என்பது பழைய சட்டத்தின் கோட்பாடு. அதைக் கைவிட்டது டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். 2007 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்ததும் தொலைக்காட்சியில் பந்தய விளம்பரம் பெருகியது. தொழிலாளரின் பெயரைத் தாங்கிய கட்சி, தொழிலாளரின் கூலிப் பையைத் திறந்துவிட்டது.

ஸ்டோக் நகரத்தைப் பார்த்தால் போதும். பீங்கான் சூளைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் வாழவைத்த ஊர் அது. சுரங்கங்கள் மூடப்பட்டன, சூளைகளில் பெரும்பாலானவை அணைந்தன. இன்று அந்நகரின் பெரிய முதலாளி பெட்365 என்னும் பந்தய நிறுவனம். கால்பந்து அரங்கத்துக்கும் அதே பெயர். 2020 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் தலைவர் டெனிஸ் கோட்ஸ் பெற்ற ஊதியம் மட்டும் 42 கோடியே 10 லட்சம் பவுண்டு.

பிள்ளைகளைச் சூதாட்டத்துக்குப் பலிகொடுத்த பெற்றோர்கள் ‘கேம்பிளிங் வித் லைவ்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கிப் போராடி வருகின்றனர். விளம்பரத்தை அகற்றக் கோரி ரசிகர்களோடு மைதானம் மைதானமாக நடைப்பயணம் சென்றனர். இந்த எதிர்ப்பின் விளைவாகவே 2023 ஏப்ரலில் பிரீமியர் லீக் கிளப்கள் ஒரு முடிவை அறிவித்தன: 2025-26 பருவத்தோடு சட்டையின் முன்பக்கத்தில் பந்தய விளம்பரம் நிறுத்தப்படும். சட்டைக் கையில் இருக்கலாம். மைதான ஓரப் பலகைகளிலும் இருக்கலாம். அந்த அரைகுறை முடிவுக்கும் மூன்று பருவ அவகாசம் எடுத்துக்கொண்டனர்; இடையில் 2024-25 பருவத்தில் 20 கிளப்களில் 11 கிளப்கள் பந்தய நிறுவனங்களின் பெயரையே மார்பில் சுமந்தன. ஸ்பெயினோ இவ்வளவு காத்திராமல், 2021-22 பருவம் முதலே சட்டை விளம்பரத்தைச் சட்டத்தால் தடுத்துவிட்டது.

இது தூரத்து நாட்டுக் கதை என்று இந்திய ஆட்சியாளர்கள் ஒதுங்க முடியாது. 2023 அக்டோபர் முதல் இணையவழிப் பணவிளையாட்டில் செலுத்தும் முழுத் தொகையின்மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி வசூலித்துப் பங்கு கண்டது மோடி அரசு. 2025 ஆகஸ்டில்தான் அத்தகைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்யும் சட்டம், விரிவான விவாதமின்றி, இரண்டே நாட்களில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. ஆனால் வார இறுதி இரவுகளில் இங்குள்ள இளைஞர்கள் பார்க்கும் இங்கிலாந்து ஆட்டங்களின் நேரலையில், அந்தச் சட்டைகளும் அந்தப் பலகைகளும் சேர்ந்தே வந்து இறங்குகின்றன.