புகையில் விரித்த பட்டாடை



வியாழன் மஃரிபுக்குப் பின் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், கடற்காற்றோடு சாம்பிராணி வாசமும் வரும். சிரட்டைக் கரித் தணலில் ஒரு பிடி தூவி உம்மா அறை அறையாகக் கொண்டு போவார். பிள்ளை பெற்ற வீடென்றால் ஈரத் தலைமுடிக்கும் அந்தப் புகைதான். மகன் கட்டாரில் உழைத்தால் அலுமாரியில் ஒரு துண்டு ஊதுக் கட்டையும் இருக்கும். அது பெருநாளைக்கு!

இதையே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் அரண்மனைப் பெண்களும் செய்தார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் தணல் சட்டி, அதன்மேல் கூடை போன்ற ஒரு சட்டம், அதற்கும் மேல் பட்டாடை. ஆவி பட்டு ஈரம் ஏறிய துணி வாசத்தை விடாது பிடித்துக்கொள்ளும். ஊது, சந்தனம், கராம்பு, கஸ்தூரி எல்லாம் பொடித்துத் தேனில் குழைத்து, நீரோரம் மண்ணில் புதைத்துப் பதப்படுத்துவார்கள். கலவை வீட்டுக்கு வீடு வேறு. வாசத்தைக் கொண்டே வந்தவர் யாரென்று சொல்லிவிடலாம். முரசாக்கி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் எழுதிய ‘கெஞ்சி’ கதையில் வாசனைக் கலவைக்கு ஒரு போட்டியே நடக்கிறது. (நம் வீடுகளில் போட்டி வட்டிலப்பத்துக்குத்தான்.)

ஆனால் ஊது ஜப்பானில் விளைவதில்லை. 595ஆம் ஆண்டு அவாஜி தீவில் ஒரு கட்டை கரை ஒதுங்கியது. விறகென்று அடுப்பில் வைத்தவர்கள் வாசத்தில் திகைத்து, அதை அரசிக்குக் கொடுத்தார்களாம். நாரா நகரக் கருவூலத்தில் சுமார் 156 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கட்டை இன்றும் இருக்கிறது. 1574இல் ஓடா நொபுனாகா என்ற படைத்தலைவர் பேரரசரிடம் அனுமதி பெற்று அதில் ஒரு சிறு துண்டு வெட்டியெடுத்தார். நாட்டில் தன் கை ஓங்கியதைக் காட்ட அது போதுமாயிருந்தது.

ஏன் இத்தனை மதிப்பு? நல்ல மரத்தில் வாசமில்லை. காயம் பட்டு, பூஞ்சை ஏறி, அதைத் தடுக்க மரம் சுரக்கும் பிசின்தான் ஊது. வெளியே நின்று பார்த்தால் எந்த மரத்தில் இருக்கிறதென்று எளிதில் தெரியாது.

இங்கேதான் நம் நாட்டுக் கதை வருகிறது. தென்மேற்கு மழைக்காடுகளில் வளரும் வல்லப்பட்டை மரமும் இதே பிசின் தரும் என்று ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வு 2012இல் காட்டியது. முன்பு அதன் பட்டையைக் கயிறாகக் கட்டத்தான் எடுத்தார்கள். விலை தெரிந்ததும் களவாக வெட்டத் தொடங்கினார்கள். ஒன்றில் பிசின் கிடைக்கப் பல மரம் வீணாய் விழுகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் பலர். உலக நாடுகளின் ஒப்பந்தம் 2005 முதல் இந்த மர வகைகளின் வணிகத்துக்கு அனுமதிப் பத்திரம் கேட்கிறது. ஆகவே, “உள்ளூர்ச் சரக்கு, மலிவு” என்று யாராவது பொட்டலம் நீட்டினால், எந்தக் காட்டிலிருந்து வந்ததென்று கேளுங்கள்.

ஜப்பானியரிடம் கற்க இன்னொன்று உண்டு. பிற்காலத்தில் அவர்கள் தணலைச் சாம்பலுக்குள் புதைத்து, அதன்மேல் தகடு வைத்து, நகக்கண் அளவுத் துண்டைச் சூடாக்கினார்கள். கட்டை எரியாது, வாசம் மட்டும் வரும். தணல்மேல் நேரே போட்டால் துண்டு சீக்கிரம் கரியாகிவிடும், அறையெல்லாம் புகை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் புகை வேண்டாம். சட்டியைத் திண்ணையில் வைத்து, துணிகளை மட்டும் அங்கே கொண்டு போய்க் காட்டுங்கள்.